கூட்டம் கூடினாலும் குறைந்தாலும்

தமிழ்நாட்டுக்கு 2019ஆம் ஆண்டில் வந்துபோன உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் ஏறத்தாழ 49 கோடி என்கிறது ஒன்றிய அரசின் சுற்றுலாப் புள்ளிவிவரம். கொரோனா வந்த 2020இல் அது 14 கோடி ஆனது. 2021இல் 11.5 கோடி. பிறகு 2022இல் 21 கோடிக்கு மேல், 2023இல் 28 கோடிக்கு மேல் என்று ஏறத் தொடங்கியது. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்து நம்முடைய நாளிதழ்கள் இரண்டே வகையான செய்திகளை எழுதுகின்றன. கூட்டம் குறைந்தால் ‘உள்ளூர் வியாபாரிகள் வேதனை’. கூட்டம் கூடினால் ‘உள்ளூர் வியாபாரிகள் மகிழ்ச்சி’. கடற்கரையானாலும் அருவிக்கரையானாலும் தலைப்பு இதுதான். ஆனால் ‘உள்ளூர்’ என்றொரு சாதி இந்த நாட்டில் எங்கும் இல்லை. ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது, கடலோரம் என்றால் கூடவே மீனவர் குடியிருப்பும் இருக்கிறது. வருகிற பணமும் போகிற பணமும் இந்த மூன்றுக்கும் ஒரே அளவில் பங்கிடப்படுவதில்லை.

நெல்லைச் சீமையை எடுத்துக்கொள்வோம். 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் பிரியும்வரை குற்றாலம் அருவி முதல் திருச்செந்தூர்க் கடற்கரை வரை எல்லாம் ஒரே திருநெல்வேலி மாவட்டம். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாக ஓடி சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் தரையிறங்கும் தாமிரபரணி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் போய் புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. அங்கிருந்து தெற்கே காயல்பட்டினத்தைத் தாண்டினால் திருச்செந்தூர். தண்ணீரில் ஒரு முக்குப் போட வருகிற கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் ஊர்கள் இந்த நீர்வழி நெடுக இருக்கின்றன.

திருச்செந்தூரிலிருந்து தொடங்கலாம். ஏனென்றால் அங்கே இப்போதைய பிரச்சினை கூட்டம் குறைவது இல்லை, கூடுவது.

கந்த சஷ்டி, வைகாசி விசாகம், தைப்பூசம் என்று நாள் பார்த்து வந்த கூட்டம் இப்போது எல்லா வார இறுதியிலும் வருகிறது. 2025 ஜூலை 7 அன்று, 16 ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த குடமுழுக்குக்கு வந்த கூட்டத்தைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன்பே, 2022இல், ஒரு பெருந்தொழிலதிபரின் நிறுவனம் 200 கோடியும் அறநிலையத்துறை 100 கோடியும் போட்டு சுமார் 300 கோடி ரூபாயில் பெருந்திட்ட வளாகப் பணிகள் தொடங்கிவிட்டன. வரிசை மண்டபம், அன்னதானக் கூடம், முடி காணிக்கை மண்டபம், கழிப்பறைகள் எல்லாம் அதில் அடக்கம். வரும் மக்களுக்கு இவை தேவை. மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி உழைக்கும் மக்கள்தான். ஆகவே வசதி வேண்டாம் என்று சொல்ல இந்தப் பத்தி எழுதப்படவில்லை.

ஆனால் அந்தக் கடற்கரையில் பிழைப்பவர்கள் யார் யார் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தால் வேறு ஒரு கணக்கு கிடைக்கும்.

முதலில் தங்குமிடம். திருச்செந்தூரின் தெருக்களில் நடந்தால் சாதிப் பெயர் தாங்கிய மடங்களும் சத்திரங்களும் மண்டபங்களும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பாதயாத்திரையாக வருகிறவர்களுக்கு அவரவர் சமுதாயம் கட்டி வைத்த இடம். குற்றாலத்திலும் இதே வழக்கம் உண்டு. ஒரு காலத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு வேறு எங்கும் தங்க இடம் கிடைக்காததால் சொந்தமாகக் கட்டிக்கொண்ட மடங்களும் இதில் இருக்கின்றன; அந்த வரலாற்றை மறுக்கக் கூடாது. நாடார்களைக் கோயிலுக்குள் விடக் கூடாது என்று கமுதி வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் தீர்ப்பான சீமை இது. ஆனாலும் விளைவைப் பாருங்கள். சுற்றுலாச் செலவில் பெரிய பகுதியான தங்கும் செலவு, சந்தைக்கு வருவதற்கு முன்பே சாதிக்குள் சுற்றத் தொடங்கிவிடுகிறது. முதலீடும் நிலமும் உள்ள சாதிக்கு நாலு மாடி மண்டபம். இல்லாத சாதிக்கு ஓட்டுக் கட்டடம். அதுவும் இல்லாதவர் கடற்கரை மணலில் துண்டை விரித்துப் படுக்கிறார்.

அடுத்தது கடை. கோயில் நிலத்துக் கடை, நகராட்சிக் கடை, வாகனக் காப்பகம், கழிப்பறைக் கட்டண வசூல் என்று எதுவானாலும் ஏலம்தான். ஏலம் என்ற சொல்லுக்கு ஒரு நேர்மையான தோற்றம் இருக்கிறது: யாரும் வரலாம், யாரும் கேட்கலாம், அதிகம் கேட்பவருக்குக் கிடைக்கும். முன்வைப்புத் தொகை கட்ட முடிந்தவர்தான் ‘யாரும்’. ஏலம் எடுத்தவரே எல்லாக் கடையிலும் உட்காருவதில்லை. சீசன் ஊர்களில் உள்வாடகை என்பது ஊரறிந்த ரகசியம். முன்னால் நாலடி இடம், அதற்கு நாள் வாடகை; அதற்கு முன்னால் தரையில் ஒரு சாக்கு விரிக்க இன்னொரு வாடகை. கருப்பட்டி, பனங்கிழங்கு, சங்கு, சிப்பி மாலை, பொம்மை, சுக்குக் காபி என்று நாம் ‘உள்ளூர் வியாபாரம்’ என்று கொஞ்சிப் பேசும் எல்லாம் இந்தக் கடைசிச் சாக்கில்தான் விற்கின்றன. கூட்டம் கூடினால் சாக்குக்கான வாடகையும் கூடுகிறது. கூட்டத்தின் லாபம் மேலே ஏறுகிற வழி இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். யார் எதை விற்கலாம் என்பதிலும் சாதி இருக்கிறது. பொம்மையும் பாசிமணியும் யார் விற்றாலும் வாங்குவார்கள். இட்லியும் பொங்கலும் அப்படி இல்லை. நெல்லைப் பக்கத்தில் ஒருவரிடம் ‘எந்த ஊரு?’ என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால், ‘அங்க எந்தத் தெரு?’ என்று அடுத்த கேள்வி வரும். மூன்றாவது கேள்விக்கு அவசியம் இருக்காது. சமைத்த உணவை விற்கிற கடைக்கு இந்த இரண்டு கேள்விகளும் எப்போதும் வாசலில் நிற்கின்றன. லாபம் அதிகம் நிற்கும் தொழில் சமைத்த உணவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மெரினாவில் மீன் வறுவல் கடை மீனவக் குடும்பங்களுக்கு ஒரு வருமானம். திருச்செந்தூரில் கோயில் முகப்புக் கடற்கரையில் அப்படி ஒரு கடையை நான் பார்த்ததில்லை. கடலோரத்தில், கடலோடி சமூகம் பக்கத்திலேயே வாழும் ஊரில், கடலில் கிடைப்பதை விற்க முடியாது. ‘புனிதம்’ ஒரு சந்தை விதியாக வேலை செய்கிற விதம் அது.

முடி காணிக்கையை எடுத்துக்கொள்வோம். 2021 செப்டம்பரில் திமுக அரசு கோயில்களில் மொட்டை போடுவதற்கான கட்டணத்தை நீக்கியது. அந்தக் கட்டணத்தை நம்பியிருந்த முடி திருத்தும் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. பக்தருக்கு இது நல்ல செய்தி. தொழிலாளிக்கும் ஒன்றுமில்லாததற்கு இது ஒரு நிலையான தொகை. ஆனால் மாதம் 5,000 என்பது நாளுக்கு 170 ரூபாய் கூட வராது. கூட்டம் இரட்டிப்பானாலும் தொகை அதேதான். மழித்த முடியோ ஏலம் போகிறது. பல நாடுகளுக்குப் போய் விற்பனையாகிற சரக்கு அது. தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட தொழிலின் விளைபொருள் கோயில் வருமானம், அந்தத் தொழிலைச் செய்கிறவருக்கு ஊக்கத்தொகை. மீதி வருமானத்துக்கு அவர் பக்தரின் கையைப் பார்த்து நிற்க வேண்டும். பக்தர் மனமுவந்து கொடுத்தால் காணிக்கை, இவர் வாய்விட்டுக் கேட்டால் ‘வசூல்’ என்று புகார்.

பாசிமணி விற்கும் நரிக்குறவர் மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் சட்டம் நிறைவேற்றி, நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. எவ்வளவோ ஆண்டுகள் நடந்த கோரிக்கை அது. அதற்கு ஓராண்டு முன்னால், 2021 அக்டோபரில், இன்னொரு கடற்கரைச் சுற்றுலா ஊரான மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து விரட்டப்பட்ட நரிக்குறவர் பெண் ஒருவர் காணொளியில் பேசியது நாடு முழுக்கப் பரவியது. பிறகு அமைச்சர் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார், முதலமைச்சர் அவர்கள் குடியிருப்புக்கே போனார். நல்லது. ஆனால் மாமல்லபுரத்திலும் திருச்செந்தூரிலும் அவர்கள் விற்கும் இடம் எது? நடைபாதையின் ஓரம், பாதுகாவலர் தடியைத் தட்டும்வரை. பட்டியலில் இடம் கிடைத்த பிறகும் கடற்கரையில் இடம் கிடைக்கவில்லை.

கடைசியாகத் துப்புரவு. கூட்டம் கூடினால் வேலை மட்டும் கூடி வருமானம் கூடாத தொழில் இந்த முழுப் பட்டியலிலும் இது ஒன்றுதான். விழா நாள்களில் பக்கத்து நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார்கள். அவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதியினர் என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. லட்சம் பேர் விட்டுச்சென்ற வாழை இலையும் நெகிழியும் மலமும் மறுநாள் காலைக்குள் மறைய வேண்டும். கூலி வழக்கமான கூலி. ஒப்பந்தக்காரரிடம் போய்விட்ட ஊர்களில் அதுவும் குறைவு. ‘சுற்றுலா வளர்ச்சி’ என்று எழுதுகிற நண்பர்கள், கூட்டம் இரண்டு மடங்கானபோது துப்புரவுப் பணியாளரின் சம்பளம் எத்தனை மடங்கானது என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆக, கூட்டம் ஏறுகிற ஊரின் கதை இது. ஏறும்போது அடித்தட்டுக்கு இன்னொரு ஆபத்தும் வருகிறது: இடத்தைச் சீர் செய்தல். 2017 டிசம்பரில் திருச்செந்தூர்க் கோயிலின் கிரிப்பிராகார மண்டபம் இடிந்து ஒரு பெண் உயிரிழந்தார். 2018 பிப்ரவரி 2 அன்று மதுரை மீனாட்சி கோயிலில் தீ பிடித்தது. கோயில்களுக்குள் இருந்த கடைகளை அகற்ற உத்தரவுகள் வந்தன. உயிர்ப் பாதுகாப்புக்காக இடிப்பதை எதிர்க்க முடியாது. ஆனால் கடை போனவர்களில் ஆவணம் உள்ளவர் வழக்குப் போட்டு மாற்றிடம் கேட்டார். உள்வாடகைக்கு இருந்தவரிடம் ஆவணமே கிடையாது. அவர் அங்கே வியாபாரம் செய்தார் என்பதற்கே சாட்சி இல்லை. சென்னையிலும் இதையே பார்த்தோம். 2023 ஏப்ரலில் மெரினா வளைவுச் சாலையில் நொச்சிக்குப்பம் மீனவர்களின் கடைகள் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றப்பட்டன. அந்தச் சாலை வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே குப்பம் அங்கே இருந்தது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. போராட்டத்துக்குப் பிறகுதான் நவீன மீன் அங்காடி 2024இல் திறந்தது.

இயற்கையும் இதே வரிசையில்தான் அடிக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனதை நாடு பார்த்தது. அரசு, குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. அது வீட்டுக்கான நிவாரணம். தள்ளுவண்டியோடும் சரக்கோடும் போன பிழைப்புக்கு, அது அங்கே இருந்தது என்று நிரூபிக்க ஒரு அடையாள அட்டை வேண்டும். அடுத்த குளிர்காலத்தில், 2024 முடிவிலும் 2025 தொடக்கத்திலும், கோயில் முன்புள்ள கடற்கரையில் அரிப்பு ஏற்பட்டு மணல் பல அடி பள்ளமானது. பக்தர்கள் இறங்கத் தடுப்புகள் வைத்தார்கள். உடனே, பக்கத்து அமலிநகர் மீனவர்களுக்காகப் போட்ட தூண்டில் வளைவுதான் காரணம் என்ற பேச்சும் கிளம்பியது. கடலின் நீரோட்டத்தில் ஓரிடத்தில் கல்லைக் கொட்டினால் இன்னோர் இடத்தில் மணல் போகும் என்பது உண்மை. அதை ஆய்வு செய்து சொல்லட்டும். ஆனால் தங்கள் வீடும் படகும் அரிப்பில் போகிறது என்று அமலிநகர் மக்கள் பல மாதங்கள் போராடியபோது வராத தேசியக் கவனம், பக்தர் குளிக்கும் துறையில் பள்ளம் விழுந்ததும் வந்தது. எந்தக் கரையின் மணல் விலை உயர்ந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது.

இனி மலைப்பக்கம். ஜூன் பிறந்துவிட்டால் நெல்லையில் யாரைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வி ‘குத்தாலத்துல தண்ணி விழுதா?’. தென்மேற்குப் பருவமழையின் சாரல் வந்தால்தான் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒரு சீசன். பிறகு ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி. ஆண்டில் பாதிக்கும் குறைவான நாள்களில் முழு ஆண்டுக்கான வருமானத்தை எடுத்துவிட வேண்டும். இந்த அருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1934 தொடக்கத்தில் குற்றாலம் வந்த காந்தி, அருவிக்கான பாதை கோயிலுக்குள் போவதால் தாழ்த்தப்பட்டோர் அங்கே குளிக்க முடியாது என்று அறிந்து குளிக்காமலே திரும்பினார் என்று சொல்வார்கள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1927 மார்ச்சில், அம்பேத்கர் மகாத்துக் குளத்தில் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டார். குளிக்காமல் திரும்புவது ஒரு வகை; தடுத்தாலும் இறங்குவது வேறு வகை. இன்று குற்றாலத்தில் யாரும் யாரோடும் சேர்ந்து குளிக்கலாம், அந்தக் கூட்டத்தில் யாரும் தெரு கேட்பதில்லை. குளித்துவிட்டுக் கரையேறியதும் கடைகளின் வரிசையில் தெரு மறுபடியும் தொடங்குகிறது.

குற்றாலத்தில் கூட்டம் ஒரே நாளில் பூஜ்யமாகும். மழை கூடினால் வெள்ளப்பெருக்கு, குளிக்கத் தடை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அதன் பிறகு தடைகள் கடுமையாயின. அந்த அருவியை வனத்துறையிடம் ஒப்படைக்கும் பேச்சு வந்தபோது ஊர்மக்களும் வியாபாரிகளும் எதிர்த்தார்கள். அதற்கு முன்பு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய அருவிகள் அந்த ஆண்டு டிசம்பரில் திறந்தன. 2021 ஏப்ரலில் மறுபடி மூடி மறுபடி டிசம்பரில் திறந்தன. இரண்டு சாரல் முழுசாகப் போனது.

விடுதிக்காரருக்குச் சீசன் போனால் ஓராண்டு லாபம் போகிறது. கட்டடமும் நிலமும் அப்படியே இருக்கிறது. நில விலை ஏறிக்கொண்டும் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளிக்கு அன்றைய சோறு போகிறது. நடுவில் இருப்பவர் நிலைதான் மோசம்: கடன் வாங்கிச் சரக்கு போட்ட சிறுகடைக்காரர். நேந்திரம் சிப்ஸ், ரம்புட்டான், மங்குஸ்தான், துண்டு, உள்ளாடை, பிளாஸ்டிக் பந்து என்று சீசன் சரக்கு எடுக்க வங்கி கடன் கொடுக்காது. தண்டல்காரர் கொடுப்பார். அருவிக்குத் தடை போட்டால் கூட்டம் நிற்கும், வட்டி நிற்காது. கந்துவட்டி இந்த வட்டாரத்தில் என்ன செய்யும் என்பதை 2017 அக்டோபர் 23 அன்று பார்த்தோம். தென்காசிப் பக்கத்திலிருந்து புகார் மனுவோடு வந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், கணவன், மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்குளித்தது. நால்வரும் இறந்தார்கள். அதீத வட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. சுற்றுலாத் துறையின் எந்த அறிக்கையிலும் ‘வட்டி’ என்ற சொல் ஏன் வருவதில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் மக்கள் கூடும் இடம். அங்கே பட்டவராயனாகக் கும்பிடப்படும் முத்துப்பட்டன், பிராமணனாகப் பிறந்து சக்கிலியர் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவைக் காதலித்து, மாமனார் சொன்னபடி பூணூலை எறிந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவன். மாடு திருடர்களோடு சண்டையிட்டுச் செத்தவன். இன்றும் அங்கே நேர்த்திக்கடன் செருப்புதான். நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது, பிற்காலத்தில் அந்தப் பெண்களையே பிராமணக் குழந்தைகளாகப் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்று மாற்றிப் பாடியதைச் சுட்டிக்காட்டினார். ஒரு கலப்பு மணத்தைச் சகித்துக்கொள்ள சாதிக்கு இவ்வளவு புனைவு தேவைப்பட்டிருக்கிறது!

அந்தத் திருவிழாவும் இப்போது சுருங்கியிருக்கிறது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருவதால் தங்கும் நாள்களுக்குக் கட்டுப்பாடு, தனியார் வாகனங்களுக்குத் தடை, அகஸ்தியர்பட்டியில் இறங்கி அரசுப் பேருந்தில் போக வேண்டும். காட்டுக்குள் கூட்டமும் நெகிழியும் குறைவது நல்லதுதான். காட்டைக் காப்பதற்கு நாம் எதிரி இல்லை. ஆனால் காட்டில் கூட்டத்தைக் குறைக்கும் முடிவை எடுக்கும்போது, அந்தக் கூட்டத்தை நம்பிச் செருப்புத் தைத்தவர், ஆடு கொண்டுவந்தவர், பந்தல் போட்டவர், தரைக்கடை விரித்தவர் ஆகியோரில் ஒருவரையாவது கூப்பிட்டுப் பேசினார்களா? பேசியதாகத் தெரியவில்லை.

மாஞ்சோலையில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு 8,373 ஏக்கரை வாங்கியது பாம்பே பர்மா நிறுவனம். தேயிலை நட்டவர்கள் சமவெளியிலிருந்து மலையேறிய தலித் தொழிலாளர்கள். கூலி உயர்வு கேட்டதற்காக 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் போலீஸ் தடியடியில் 17 பேர் இறந்தார்கள். 2018இல் அந்த நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2028 வரை குத்தகை இருந்தும் 2024 ஜூனில் நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தோடு வேலையை முடித்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்தை அரசின் டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பர் 3 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கவில்லை. நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்தவர்கள் இறங்க வேண்டும். நம்மில் பலருக்கு மாஞ்சோலை என்றால் வளைவுச் சாலையில் எடுத்த பசுமைப் படங்கள். அந்தப் பச்சையை உண்டாக்கியவர் அங்கே ஆக்கிரமிப்பாளர், அதைப் படம் எடுக்க வந்தவர் விருந்தினர். நாளைக்கு அங்கே சூழல் சுற்றுலா என்று ஒன்று வந்தால், வழிகாட்டி வேலையும் தேநீர்க் கடையும் தங்கும் குடிலும் யாருக்கு என்பதை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காடு வியாபாரிகள் தேர்தல் மூலம் வர வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி, சிறுபான்மையினருக்கு உரிய இடம். விலக்கு என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்வது ரயில்வே நிலத்துக்கு மட்டும். கோயில் நிலம் என்ற காரணத்தால் மட்டும் இந்தச் சட்டத்தைக் கை கழுவ முடியாது. ஆனால் இது நகர்ப்புறத்துக்கான சட்டம். குற்றாலம் பேரூராட்சி, திருச்செந்தூர் நகராட்சி ஆகியவை உள்ளே வரும். பழைய குற்றாலம் போல ஊராட்சி எல்லையிலும், சொரிமுத்து அய்யனார் போல காட்டுக்குள்ளும் இருக்கும் இடங்கள் வெளியே நின்றுவிடுகின்றன. அங்கே விற்பவர்களுக்கு மாநில அரசுதான் தனி விதி செய்ய வேண்டும். 2020இல் வந்த ஸ்வநிதி கடனும் சான்று கேட்கிறது. சான்றே கிடைக்காதவர் திரும்பிப் போகும் இடம் தண்டல்காரரின் திண்ணை.

இடத்தைப் பங்கிடுவதிலும் ஏலத்தைத் தவிர வேறு வழியே இல்லை என்பது பொய். கோவாவில் கடற்கரைக் குடில்களைச் சுற்றுலாத் துறை குலுக்கலில் ஒதுக்குகிறது. மெரினாவிலேயே உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் 900 வண்டிகளுக்குக் குலுக்கல் நடந்தது. அவற்றில் ஆயிரம் குறைகள் இருக்கலாம். ஆனால் பணம் அதிகம் வைத்தவருக்கே இடம் என்ற விதி ஒன்றும் இயற்கை விதி இல்லை என்பதை அவை காட்டுகின்றன. கோயில் நிலத்திலும் உள்ளாட்சி நிலத்திலும் சீசன் கடைகளில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மக்கள்தொகைக்கு ஏற்ற ஒதுக்கீடு, அதற்குள் பெண்களுக்கு ஒதுக்கீடு, உள்வாடகைக்கு முழுத் தடை. சமைத்த உணவுக் கடைகளிலும் அதே ஒதுக்கீடு. பாசிமணிக் கடையைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிக்கக் கூடாது. இவை கேட்கக் கூடாத கேட்பு ஒன்றும் இல்லை. அருவிக்கோ கடலுக்கோ அரசு தடை போடும் ஒவ்வொரு நாளுக்கும், மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பத்துக்குக் கொடுப்பதைப் போல, பதிவு பெற்ற சிறு வியாபாரிக்கு நிவாரணம் வேண்டும். உயிரைக் காக்கத் தடை போடுவது அரசின் கடமை. அதற்கான செலவைத் தரைக்கடைக்காரர் மட்டும் தன் வயிற்றில் சுமக்க வேண்டியதில்லை. விழா நாள் துப்புரவுக்கு இரட்டைக் கூலி என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

இவற்றில் எதைச் சொன்னாலும் ‘கணக்கெடுக்கவே ஆளில்லை’ என்பார்கள். அங்குதான் இதை வாசிக்கிற தோழர்களுக்கு வேலை இருக்கிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடிக் கல்லூரிகளில் படிக்கிற நாம் ஒரு சீசனில் பத்து நாள் ஒதுக்கினால் போதும். குற்றாலம் பேரூராட்சியிலும் திருச்செந்தூர் நகராட்சியிலும் கோயில் நிர்வாகத்திலும் கடந்த ஐந்தாண்டு ஏல விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்: யார் எடுத்தார்கள், எத்தனை கடை, என்ன தொகை. பிறகு அதே கடைகளின் முன்னால் போய் நின்று யார் உட்கார்ந்து விற்கிறார், யாருக்கு வாடகை கொடுக்கிறார் என்று எழுதிக்கொள்ளலாம். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து வெளியிடலாம். விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் தேர்தலில் வந்தார்களா, அவர்களில் தலித் பெண் எத்தனை பேர் என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடலாம். மனுவுக்கு 10 ரூபாய்க் கட்டணம், பதில் தர 30 நாள். அடுத்த சாரல் ஜூனில்.